மூதூரிலிருந்து வந்த கந்தூரிச் சோறு

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரைக்கு மூதூரில் பஸ் ஏறினேன். திருகோணமலைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். கூட்டாளி வீட்டுக் கந்தூரி விருந்துக்குப் போய்த் திரும்பும் பயணம். புறப்படும்போது கூட்டாளியின் மனைவி, கிடாரத்தில் மிஞ்சிய நெய்ச்சோற்றை இரண்டு பைகளில் இறுக்கிக் கட்டித் தந்தார். கந்தூரிச் சோறு பரக்கத்து, இறையருள் இறங்கிய சோறு. வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. சூடு ஆறாமல் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு, கங்கைப் பாலத்துக்கு இப்பால் டயர் வெடித்தது. வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்றோம்.

நாலரைக்குக் கிண்ணியா. தங்கச்சியின் வீடு பஸ் தரிப்பிடத்துக்கு எதிரேதான். நான்கு வயது மகனோடு வந்து நின்றாள். யன்னலால் ஒரு பையைக் கொடுத்தேன்.

"இன்னும் சூடா இருக்கு நானா!" என்று சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும், பக்கத்தில் இருந்தவர் என் மடியிலிருந்த மற்றப் பையைத் தொட்டுப் பார்த்தார். துறைமுகத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சமைப்பவராம்.

"எத்தனை மணிக்கு இறக்கின சோறு?"

"காலையில எட்டு மணிக்கு."

"அப்பயிருந்து இந்த இளஞ்சூட்டிலயா? முட்டையை அடை வைச்ச மாதிரியெல்லோ வைச்சிருக்கீங்க. கிருமி பெருக இதுதான் வேணும்."

"திருப்பிச் சூடாக்கினால் சரிதானே?"

"ஏலாது. கிருமி விட்ட நஞ்சு சூட்டுக்குப் போகாது. மணத்திலயும் தெரியாது. நானே ஒருக்கா சாப்பிட்டு, ஒரு நாள் முழுக்கச் சத்தி எடுத்துக் கிடந்தனான். மிஞ்சின சோத்தைப் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள்ள பிரிட்ஜில வைக்கணும்."

பஸ்ஸில் நாலு பேர் கேட்கக் கதைப்பது எனக்கு வராது. என்றாலும் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். பதில் இல்லை. திரும்பவும் எடுத்தேன். சீனன்குடா வரும்போதுதான் பேசினாள்.

"சோறு பிள்ளைக்குக் குடுத்தியா?"

"சூடாக்கிறன். ஏன், பாதியைத் திருப்பித் தரட்டா?"

"கொட்டு."

"பரக்கத்துச் சோத்தையா? நானாக்கு வெயில் தலைக்கு ஏறிட்டுது."

"பிள்ளைக்குக் குடுக்காத! கொட்டு!"

முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. அதற்குள் லைன் அறுந்துவிட்டது. கேட்டாளோ இல்லையோ தெரியவில்லை.

ஐந்தரைக்குத் திருகோணமலையில் இறங்கி, நிலையத்தின் ஓரமாக நின்று என் பையைத் திறந்தேன். நெய்யும் ஏலமும் மணத்தன. ஒரு குறையும் இல்லை. அந்த நல்ல மணந்தான் என்னை இன்னும் பயப்படுத்தியது. மறுபடி கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அடுத்த கந்தூரிக்குக் கூட்டாளியின் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பேனோ.

தங்கச்சிக்கு மறுபடி எடுத்தேன். பின்னால் பிள்ளை வீரிட்டு அழுதான்.

"கொட்டிட்டன்," என்றாள் கோபமாக. "சோறு கேட்டு அழுறான். கேக்குதா?"

"கேக்குது. அழட்டும். நீ புதுசா உலை வை."

அவள் உலை வைக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.