லாட்ஜ் வாசலில் பதினொரு காலைகள்

லில்லியின் வகுப்பில் முதல் வாரம் யாரும் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். மாணவர்கள் ஊருக்குள் போய் ஒரு லாட்ஜிலோ மெஸ்ஸிலோ உட்கார்ந்து, வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு ஓட்டல் தொழில் மார்க்கெட்டிங் சொல்லித்தருகிறவர் அவர். சொந்த ஊர் தென்னேரி. அப்பா தாவீது வரப்பு வெட்டவும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். லில்லி சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குச் சேர்ந்து, வரவேற்பு மேசைக்கு உயர்ந்து, தபாலில் எம்.பி.ஏ. முடித்து, பிறகு முனைவர் பட்டமும் வாங்கினார்.

இந்த வருஷம் அவரிடம் ப்ராஜெக்ட் செய்தவள் திருப்புட்குழி அபிநயா. பஸ் ஸ்டாண்ட் பக்கம் சிட்டிபாபு நடத்தும் லாட்ஜுக்கு ஆட்கள் வருவது குறைந்திருந்தது. விளம்பரத்துக்கு வழி சொல்லும்படி அவர் கல்லூரியைக் கேட்டிருந்தார். அபிநயா ஒரு சர்வே எடுத்து, பளபளவென்று நாற்பது ஸ்லைடு போட்டுக்கொண்டு வந்தாள்.

“நல்லா இருக்குதுமா. சர்வேல பதில் சொன்னவங்கள்ல அங்க தங்கினவங்க எத்தினி பேர்?”

அபிநயா தலையைக் குனிந்துகொண்டாள். “ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல அனுப்பினேன் மேடம்.”

லில்லி கோபப்படவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அந்த லாட்ஜில் போய் உட்கார்ந்தார். முதல் பஸ்ஸில் வந்திறங்கிய ஏழெட்டுப் பெண்கள், கோயிலுக்குப் போகுமுன் குளித்துப் புடவை மாற்ற ஓர் அறை கேட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் அறை தரும் வழக்கமில்லை என்றார் மேனேஜர். அவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு கட்டணக் கழிப்பறையைத் தேடிப் போனார்கள். அடுத்த பத்து நாளும் அபிநயா தனியாகவே போனாள். தினமும் இதே கதை. பழைய ஸ்லைடுகளை அவளே அழித்துவிட்டு, கண்ணால் பார்த்ததை ரிப்போர்ட்டாக எழுதினாள். லாட்ஜ்காரர் கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரி அதை ஏற்கும்.

படித்துப் பார்த்த சிட்டிபாபுவுக்கு முகம் சிவந்தது. “விளம்பரம் கேட்டா என் குறைய எழுதிக்கினு வந்திருக்கீங்களே! கையெழுத்துப் போட மாட்டேன்.”

“மாத்திடலாமா மேடம்?” என்றாள் அபிநயா, வெளியே வந்ததும்.

சிட்டிபாபு கல்லூரிச் செயலாளருக்கு நண்பர். லில்லிக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

“நீ பார்த்தது பொய்யாமா?”

“இல்ல மேடம்.”

“அப்போ வா, திரும்பப் போவோம். நீதான் பேசணும். நான் பக்கத்துல இருக்கறேன்.”

அபிநயாவின் குரல் முதலில் நடுங்கியது. அந்தப் பெண்களில் ஒருத்தர், பேருந்து மறைவில் நின்று ஈரத் தலையைத் துவட்டியதைச் சொன்னபோது நிலைத்துவிட்டது. “அவங்க உங்க லாட்ஜத் தேடித்தான் சார் வந்தாங்க. நாமதான் திருப்பி அனுப்பிட்டோம்.” நடுவில் இரண்டு முறை லில்லிக்கு நாக்குவரை வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

சிட்டிபாபு ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டார். “கீழ ஸ்டோர் ரூம்ல என்னாபா கிடக்குது?”

“கிழிஞ்ச மெத்தைங்க சார்.”

கையெழுத்து அன்றே கிடைத்தது. ஒரு மாதத்தில் அந்த அறை, கண்ணாடியும் வெந்நீர்க் குழாயும் வைத்த பெண்கள் குளியலறையாக மாறியது. காலையில் அங்கே குளித்துப் போனவர்களில் சிலர் அன்று மாலை அங்கேயே அறை எடுத்தார்கள்.

அபிநயா இப்போது மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, மேலதிகாரியோடு நடந்த சண்டையெல்லாம் கொட்டுவாள். லில்லி முழுவதும் கேட்டுவிட்டு, “சரி, நீ என்னாமா பண்ணலாம்னு நினைக்கிறே?” என்பார்.