எட்டு வயது வீட்டுக்காரி

எட்டு வயதில் நான் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரி. காலில் போடச் செருப்புக் கிடையாது. ஆனால் மருதமுனையில் ஒரு கல்வீடு என் பெயரில் இருந்தது. அதன் பிறகு என் பொருளாதாரம் அந்த உயரத்தை எட்டவேயில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். கல்யாணத்தின்போது எழுதிக் கொடுப்பதை, தன் ஆயுளில் நம்பிக்கை குறைந்த உம்மா, நான் பிறந்த கையோடு எழுதிவிட்டார்.

உம்மா வீட்டில் தறி போட்டு, ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் சாரம் நெய்தார். நூலை முதலாளி கடனாகத் தருவார்; நெய்த சாரத்துக்குத் தானே விலை சொல்லி எடுத்துக்கொள்வார். சொந்தமாக நூல் வாங்கினால் விரும்பிய கடைக்கு விற்கலாம் என்பது உம்மாவின் ஆசை. சாரம் அதிகம் விற்கும் பெருநாள் நெருங்கியது. கல்முனை வங்கியில் தொழிலுக்குக் கடன் கொடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு வாப்பா போனார். நடந்ததைத் திரும்பிவந்து நடித்தே காட்டினார்.

"உங்கட பேரில என்ன சொத்து இருக்கு?" இது யாழ்ப்பாணத்து மனேஜர்.

"ஒரு சைக்கிள் இரிக்கி சேர்."

"வீடு?"

"அது பொம்புளப் பகுதி சேர்."

"அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அடுத்த கிழமை வீட்டு உறுதிப் பத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு உம்மாவும் போனார். சைக்கிள் பாரில் நான். மனேஜர் உறுதியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீடு உங்கட பேரிலயும் இல்லையே. மகளுக்கல்லோ எழுதியிருக்கிறியள்."

"எழுதின நான்தானே சேர். கையெழுத்தையும் நானே வைக்கிறன்."

"அது சரிவராது. மகள் எங்க?"

உம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டார். சொத்துக்காரி அந்த நேரம் நுளம்பு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"இவவுக்குப் பதினெட்டு வயசு வரட்டும், பாப்பம்."

"அதுவரைக்கும் தறியச் சுருட்டி வைக்கட்டா சேர்?" என்றார் உம்மா.

மனேஜர் சிரித்தார். கடன் கிடைக்கவில்லை.

"ஊட்டுக்காரி, நாங்க இன்னும் கொஞ்ச நாளைக்கி இரிக்கலாமா?" என்று வழியெல்லாம் வாப்பா என்னைக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் அதை நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தம்பியைப் பிடித்து, "என்ட ஊட்ட உட்டு எழும்புடா" என்று விரட்டினேன்.

அன்று பின்னேரம் முதலாளி நூல்கட்டோடு வந்தார். வீட்டுக்காரி என்ற கம்பீரத்தில், இருந்த ஒரே கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க" என்றேன். இருந்தார். போன பெருநாளைவிடக் குறைத்து விலை சொன்னார். உம்மா நின்றபடியே "ஓம்" என்றார்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை: எங்கள் வீட்டில் அவர் இருக்க, உம்மா ஏன் நிற்கிறார்?