எங்கள் ஐந்தரை மணி

எங்கள் சாஃப்ட்பால் அணியின் வரலாற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி விழா மலர்க்காரர் ஒருவர் கேட்டார். "வாங்கின கப்பு எல்லாத்தையும் வரிசையாப் போட்டுருங்க" என்றார். கப்பா? ஒரு தகரத் தம்ளர்கூட வாங்கியதில்லை என்றேன். அப்புறம் என்ன வரலாறு என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானம். பத்து வருஷத்துக்கு முன்னால், காலையில் அங்கே நடக்க வந்த பெண்கள் நாலு பேரில் நானும் ஒருத்தி. வேறொரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை எனக்கு. சும்மா நடப்பது எனக்கு ஆகாது. எங்கேயும் போய்ச் சேராத நடை என்ன நடை? படிக்கிற காலத்தில் நான் சாஃப்ட்பால் ஆடியவள்; பந்தை அடித்துவிட்டு நாலு முனைகளையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கல்யாணம், அதோடு பந்தும் போச்சு. மைதானத்து ஓர அறையில் கழித்துப் போட்ட பேட் ஒன்றும் கிழிந்த கையுறைகள் மூன்றும் கிடந்தன. காவல்காரரிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன்.

"இத வச்சு என்னக்கா செய்யப் போறீய?"

"துணி தொவைக்கப் போறேன்."

நாலு பேர் ஒன்பது பேராக இரண்டு வருஷம் பிடித்தது. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பந்து வீசுகிறவள் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வருகிற வரைக்கும் வாழைத்தார் தூக்கிய கை. அவள் வீசினால், அடிக்கிறவளுக்குப் பின்னால் நின்று பிடிக்கிற எனக்குக் கையுறைக்குள் உள்ளங்கை எரியும். மேலப்பாளையத்து அக்கா ஒருவர், தையல்காரர், முதல் முனையில் நிற்பார். அவர் பிடிக்காத பந்து கிடையாது. வீட்டுக்கு வீடு கேலிதான். "பேரன் எடுக்குற வயசுல பேட் எடுக்குதா" என்று என் கொழுந்தன் ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும். ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்கும் அந்த மைதானம் எங்களுடையது. ஒரு நாளில் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் யாரும் எங்களிடம் காப்பி கேட்கமாட்டார்கள்.

போன வருஷம் அதற்கும் வேட்டு வைத்தார்கள். பள்ளியின் செயலாளரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். காலை நேரத்தைக் கிரிக்கெட் பயிற்சிக்கு விடப்போவதாகச் சொன்னார்.

"நீங்க பொழுதுபோக்குக்கு வாரீங்க. பையங்க முறையா ஆடுதானுவ" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாங்களும் முறையாத்தான் ஆடுதோம். வேணும்னா யாரையாவது கூட்டிட்டு வாங்க, ஆடிக் காட்டுதோம்" என்றேன்.

அவர் சிரித்தார். "சரி. காலேஜ் பொம்பளப் பிள்ளைங்க டீமோட ஆடுங்க. ஜெயிச்சா நேரம் உங்களுக்கு, தோத்தா பையங்களுக்கு. பேச்சு மாறக் கூடாது."

"மாறாது" என்றேன். யாரையும் கேட்கவில்லை. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய்.

இந்த நேரம் பார்த்து மேலப்பாளையத்து அக்கா மகளின் பிரசவத்துக்குத் துபாய் போய்விட்டார். எட்டுப் பேராகிவிட்டோம். ஒன்பதாவது ஆளாகக் கிடைத்தவர் டீச்சர். கணக்கு டீச்சர், ஓய்வு பெற்று மூன்று வருஷம். கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் பிறந்தவர். மைதானத்தை ஒட்டிய தெருவில் வீடு. அதிகாலையில் பிள்ளையார் கோயிலில் நூற்றெட்டுச் சுற்று சுற்றிவிட்டு, கம்பி வேலிக்கு வெளியே நின்று எங்களைப் பார்ப்பார். "என்னையும் சேத்துப்பேளா?" என்று அவராகத்தான் கேட்டார். பத்து நாள் பயிற்சி. பந்தை அடிப்பதற்கே பத்து நாளும் போய்விட்டது. ஓடிப் பழக நேரமில்லை.

ஆட்டத்தன்று கூட்டம். பையன்கள் போனும் கையுமாகச் சுற்றிலும் நின்றார்கள். காலேஜ் பிள்ளைகள் முதலில் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள்; ஸ்ரீவைகுண்டத்துக்காரி மூன்று பேரை அடுத்தடுத்து வெளியே அனுப்பியதும் சிரிப்பு நின்றது. கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் வெளியேறியாயிற்று. நான் மூன்றாவது முனையில் நிற்கிறேன், வந்து சேர்ந்தால் சமம். பேட்டோடு டீச்சர்.

டீச்சர் அடித்தார் பாருங்கள் ஒரு அடி! பந்து இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பாய்ந்து போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு, பேட் பிடிக்கிற இடமான வீட்டு முனையை நோக்கி ஓடினேன். பாதி வழியில் நிமிர்ந்தால், எதிரே டீச்சர் ஓடிவருகிறார். என்னை நோக்கி. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக.

இந்த ஆட்டத்தில் அடித்தவள் வலக்கைப் பக்கம், முதல் முனைக்கு ஓட வேண்டும். கோயிலில் சன்னதியைப் பார்த்து நின்று இடக்கைப் பக்கமாகக் கிளம்பி வலம் வருவோம். அறுபது வருஷம் அப்படிச் சுற்றிய கால்கள், பதற்றத்தில் தங்களுக்குத் தெரிந்த பக்கம் போய்விட்டன.

"அங்கன இல்ல டீச்சர்! அந்தப் பக்கம்!" என்று கத்தினேன். அவர் நின்று திரும்புவதற்குள் ஒரு பிள்ளை பந்தை முதல் முனைக்கு எறிந்துவிட்டாள். ஆட்டம் முடிந்தது. அடித்தவரே முதல் முனையைத் தொடாமல் மூன்றாவது ஆளாக வெளியேறினால் என் ஓட்டம் கணக்கில் சேராது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். அத்தனை பேர் முன்னால் டீச்சரிடம், "கோயில்னு நெனச்சீங்களா? உங்களாலதான் எல்லாம் போச்சு" என்றேன். அவர் கீழே கிடந்த பேட்டை எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அண்ணாச்சி என்னிடம் வந்து, "பேச்சு பேச்சுதான்" என்றார். தலையை ஆட்டினேன். மத்தியானத்துக்குள், டீச்சர் தப்பான பக்கம் ஓடிய வீடியோ என் போனுக்கே வந்து சேர்ந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். தோற்றது ஒரு பக்கம்; அந்த மனுஷியைக் கடித்துக் குதறியது இன்னொரு பக்கம்.

மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கவே இல்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரி போனில் கூப்பிட்டாள். "ஏக்கா, டீச்சர் கேட்டுக்கு முன்னால பேட்டோட நிக்காங்க. சீக்கிரம் வா."

ஓடினேன். டீச்சர் நின்றுகொண்டிருந்தார், சுற்றிலும் மற்ற ஏழு பேரும். காலில் புது கேன்வாஸ் ஷூ.

"நேத்திக்கு நான் பேசினது தப்பு டீச்சர்."

"தப்புதான். அப்புறமா திட்டறேன்" என்றார். "வீடியோவைப் பார்த்துட்டு மெட்ராஸ்லேர்ந்து என் பையன் போன் பண்ணினான். என்னம்மா மானத்தை வாங்கறேன்னான். அந்த அடி எப்படி இருந்தது, அதைப் பார்த்தியாடான்னு கேட்டேன். போனை வச்சுட்டான்."

"நான் வாக்கு குடுத்துட்டேனே டீச்சர்."

"குடுத்தது நீ. நான் குடுக்கலையே. இவா யாரும் குடுக்கலையே. அந்தப் பசங்களை யாராவது, ஜெயிச்சுட்டு வா, அப்புறம் ஆடுன்னு சொன்னாளா?"

  அந்தப் பந்தயத்தை ஒத்துக்கொண்டபோதே நான் தோற்றிருந்தேன், அது எனக்குத் தெரியவே இல்லை.

காவல்காரர் பையன்களுக்காகக் கேட்டைத் திறந்தார். அவர்களோடு நாங்களும் நுழைந்தோம், ஒன்பது பேரும். எங்கள் இடத்தில் நாலு முனைக்கும் சாக்கை விரித்தோம். பத்து நிமிஷத்தில் அண்ணாச்சி வண்டியில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"என்ன டீச்சர், நேத்து தோத்துட்டுதான போனீங்க?"

"ஆமா சார், தோத்துட்டோம்" என்றார் டீச்சர், பேட்டை உயர்த்திப் பிடித்தபடி. "அதனாலதான் நிறைய பயிற்சி எடுக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, பந்து பட்டுடும்."

அவர் தள்ளி நின்றார்.