டிரைவர் அண்ணனின் வயிறு

துறைமுகத்தில் நான் வேலை பார்த்த காலத்துக் கிரேன்களில் ஏணி செங்குத்தாக ஏறும். அந்த நாட்களை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஏணிதான். துருவும் கிரீசும் கலந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். மத்தியான வெயிலில் கம்பியைத் தொட முடியாது. அதன் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், எங்கள் டிரைவர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். கப்பல் தளத்தில் நின்றுகொண்டு ஏற்று, இறக்கு, நில் என்று அவருக்குக் கையால் சைகை காட்டுவது என் வேலை. சரக்கு கிடக்கும் கப்பலின் அடியறை மேலே இருப்பவருக்குத் தெரியாது. என் கையை நம்பித்தான் அவர் கொக்கியை இறக்க வேண்டும். ராயபுரத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரைப் போல் பாரத்தை அலுங்காமல் இறக்கி வைக்கத் துறைமுகத்தில் இன்னொரு ஆள் கிடையாது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு வயிறு கெட்டது. ஒரு நாள் கட்டிக்கொள்ளும், மறுநாள் பிய்த்துக்கொண்டு போகும். முறுக்கிப் பிடித்தால் நிற்க நேரம் தராது. கீழே வேலை செய்கிறவன் ஓடிவிடலாம். கூண்டில் இருப்பவர் பாரத்தைப் பத்திரமாக வைத்து, எந்திரத்தை நிறுத்தி, அத்தனை படியும் இறங்கி, கிடங்குக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் வரை போக வேண்டும். வலி எப்படிப் பிடுங்கினாலும் தொங்கும் பாரத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் இறங்கியதில்லை. ஒரு நாள் அப்படிப் பாரத்தை ஒழுங்காக வைத்துவிட்டு இறங்கும்போது பாதி ஏணியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. என் லுங்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். எங்கள் கேங்கில், அதாவது கூட வேலை செய்த குழுவில், யாரும் சிரிக்கவில்லை. போர்மேன் மட்டும், இனி ஒரு தடவை வேலை நடுவில் கொக்கி நின்றால் கூண்டிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்கார வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கூண்டு இல்லாமல் அண்ணன் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உடனே கேங்கே வைத்தியர் ஆகிவிட்டது. ஒருவன் ஓமத்தண்ணீர் என்றான், இன்னொருவன் சாராயம் ஒரு கட்டிங் போட்டால் குடல் கழுவிவிடும் என்றான். என் பங்குக்கு நான் அவரை வியாசர்பாடியில் தொக்கம் எடுக்கும் அம்மாவிடம் அழைத்துப் போனேன். வயிற்றில் ஒட்டிக்கொண்ட சோற்றையும் கறியையும் வாயால் ஊதி, உறிஞ்சி எடுத்துவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த அம்மா ஊதினார், உறிஞ்சினார், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சின்னக் கறித்துண்டைத் துப்பிக் காட்டினார். "இதான் ஒட்டிகினு இருந்துச்சு, பாத்துக்க." அண்ணன் கிண்ணத்தையே பார்த்தார். "யம்மா, இது தவக்காலம். நான் கறி தொட்டு ஒரு மாசம் ஆவுது." அந்த அம்மா அசரவே இல்லை. "அப்போ பழசு" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலி எடுத்து பேசின் பிரிட்ஜ் அருகே இறங்கி ஓட வேண்டியதாயிற்று.

கடைசியில் அண்ணி அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். எல்லாச் சோதனையும் செய்து பார்த்த டாக்டரம்மா, புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, உங்கள் குடலுக்குச் சட்டென்று கோபம் வருகிறது, எதைக் கண்டால் கோபம் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாராம். சந்தேகப்படும் பண்டங்களை எல்லாம் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதுவரை அண்ணன் செய்துகொண்டிருந்தது நேர் எதிர். டியூட்டியில் தொந்தரவு வரக்கூடாது என்று காலை நாஷ்டாவைத் தள்ளிவிட்டு நாள் பூராவும் பால் டீயிலேயே ஓட்டுவார். இறங்கியதும் பசி வெறியில் பீச் பக்கம் போய் அத்தோ நூடுல்ஸ் வாங்கி, பச்சை முட்டைக்கோசும் வெங்காயமும் பொரித்த பூண்டுமாக இரண்டு பிளேட் அடிப்பார். பர்மாக்காரர்கள் கடை அத்தோ என்றால் அவருக்கு உயிர். உயிரை எடுத்ததும் அதுதான்.

மாற்றிக்கொண்டார். அதைச் சொல்வது எளிது. வடசென்னையில் ஒரு கேங்கில் இருந்துகொண்டு செய்து பாருங்கள் தெரியும். நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். குழைந்த சோறு, மஞ்சளும் இஞ்சியும் போட்டு வேகவைத்த மீன், புடலங்காய், வாழைப்பழம். புதிதாக எதையாவது தொட்டுப் பார்ப்பதென்றால் வார லீவில்தான். பால் டீ ஒத்துக்கொள்ளவில்லை, விட்டார். வெங்காயம், பூண்டு, பரோட்டா, சுண்டல், எல்லாம் போயிற்று. முட்டை திரும்பி வந்தது. அன்றைக்கு மாம்பழம் கிடைத்த குழந்தை மாதிரி இருந்தார். "மாமு, முட்டை பாஸாயிடுச்சுடா" என்று கூண்டிலிருந்து இறங்கி வந்து சொன்னார். ஒரே ரவுண்டு டீயில் எல்லோரும் நிற்கும்போது ஒருவர் மட்டும் வெந்நீர் குடித்தால் திமிர் என்பார்கள். சொன்னார்கள். அவர் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார். மாதங்கள் போயின. கொக்கி நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கையின் கல்யாணம் வந்தது. அதற்கு மறுநாள் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரங்கள் ஏற்றி வந்த கப்பல் எங்கள் கைக்கு வருகிறது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு அளவு. அண்ணனையே போடலாமா என்று போர்மேனுக்கு யோசனை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவர்தான் என்றோம். வரவேற்பில் மட்டன் பிரியாணி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போனால் அந்த வீட்டோடு உறவு முறிந்தது என்று அர்த்தம். அண்ணன் வந்தார், முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார், இலையில் தண்ணீர் தெளித்தார். பிரியாணி வரும்போது கையால் மறித்துவிட்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்துத் தன் வீட்டுச் சோற்றை எங்கள் வீட்டு இலையில் கொட்டிக்கொண்டார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

என் அம்மா நேராக அவர் எதிரில் வந்து நின்றார். "இன்னா நைனா, என் வூட்டு சோத்துல வெசமா கீது?"

அண்ணன் கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை. "அப்டி சொல்லாதம்மா. வாசனைக்கே எனக்கு நாக்குல தண்ணி ஊறுது. ஆனா நாளைக்கு பொட்டி எறக்கணும். மேல எனக்கு வயிறு இஸ்துச்சுன்னா, கீய கொக்கிகிட்ட நிக்கிறது உன் புள்ளதான்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்து, மொய் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலிருந்து பெட்டிகள் இறங்கின. நான் கை உயர்த்தினால் உயர்ந்தது, விரலை மடக்கினால் அங்குலமாய் இறங்கியது. ஒரு பெட்டிகூட லாரியில் இடித்துச் சத்தம் கேட்கவில்லை. நேரம் பார்த்து அவர் டப்பாவைத் திறப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. நாங்கள் அதற்காகக் காத்திருந்தோம், போர்மேனும் காத்திருந்தார். பொழுது சாயக் கடைசிப் பெட்டி உட்கார்ந்தது. அந்தக் கூண்டைப் பார்த்து, "எங்க ஆளுடா" என்று சத்தமாகவே சொன்னேன். அத்தனை பெருமை எனக்கு அதற்குப் பிறகு என் சொந்த விஷயத்தில்கூட வந்ததில்லை. இன்றைக்கு அங்கே எல்லாம் கன்டெய்னர். அந்தக் கிரேன்களை வெட்டி எடைக்குப் போட்டாகிவிட்டது. ஓய்வு பெறும் வயது வரை அண்ணன் கூண்டில்தான் இருந்தார், யாரும் அவரை இறக்கவில்லை.

கடைசிப் பெட்டி இறங்கிய அன்று சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என் கால், கை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "அவன் துன்றதுல இன்னா இன்னா போடக்கூடாது, ஒயுங்கா சொல்லு" என்றார்.