நெரையில நான் மாத்திச் சொன்ன முடிவு

பழைய நாவல்களப் படிச்சா மனுசங்களப் புரிஞ்சுக்கலாம்னு இருபத்தஞ்சு வருசமா வகுப்புல சொல்லிக்கிட்டு இருக்கிறவ நான். பதுளையில ஒரு வாடகை அறை, ஒரு கேத்தல், ஒரு அலமாரி நெறயப் புத்தகம். சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்தா பேச ஆள் கெடையாது. நல்லாத்தான் புரிஞ்சுக்கிட்டேன் மனுசங்கள, போங்க! இருந்த ஒரே கூட்டாளியோட வாழ்க்கையக் கெடுத்துட்டு வந்து ஒக்காந்திருக்கேன்.

அவளுக்கும் எனக்கும் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல ஒரே லயம், அந்த வரிசையில பக்கத்துப் பக்கத்து வீடு. நான் ஏ.எல். பாஸ் பண்ணிட்டு டீச்சர் வேலைக்குக் காத்துக்கிட்டிருந்த ரெண்டு வருசம் கொழுந்து பறிக்கப் போனேன். மலையிலயும் தேயிலைச் செடி வரிசையில அவ நெரைக்கு அடுத்த நெரை என்னோடது. அவ புருசன் கல்யாணமான வருசமே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன். மொதல்ல மாசம் ஒரு தடவ வந்தான், அப்புறம் தீபாவளிக்கு மட்டும், அப்புறம் அதுக்கும் இல்ல.

டவுன் லைப்ரரியில எடுத்துட்டு வர்ற புத்தகத்த ராத்திரி படிச்சுட்டு மறுநாள் நெரையில சொல்லுவேன். "மிச்சத்தச் சொல்லுடி"ன்னு அவதான் மொதல்ல கேப்பா. சுத்தி நிக்கிற பொம்பளைங்களும் காதக் குடுப்பாங்க. கங்காணி கீழ இருந்து, "என்னா, வாய் பறிக்குதா, கை பறிக்குதா?"ன்னு சத்தம் போடுவாரு. எனக்கு அதுல ஒரே பெருமை. சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி என் பேச்சக் கேட்ட ஆளுங்க அப்புறம் எனக்கு அமையவே இல்ல.

அப்பத்தான் அந்த நாவல் கெடச்சுது. குளிர் தேசத்துக் கதை, ரொம்பப் பழசு. புருசன் பட்டணத்துக்குப் போவான். பொண்டாட்டி ரயிலடியில காத்துக் கெடப்பா. அவன் கெட்டவன் கெடையாது. வரக்கூடாதுன்னும் நெனக்கல. வராம இருந்து இருந்து அதுவே அவனுக்குப் பழகிப்போவுது, அவ்வளவுதான். அத எழுதினவர் மனுசன உள்ள வரைக்கும் பாத்துட்டாரேன்னு எனக்கு ஒடம்பு புல்லரிச்சுது. கடைசியில அவ காத்திருக்கிறத விட்டுட்டு, தையல் கத்துக்கிட்டு, வேற ஒரு நல்ல மனுசனோட வாழப் போயிடுவா.

அந்த முடிவச் சொல்ல வேண்டிய அன்னைக்கு என்னால சொல்ல முடியல. எங்க தோட்டத்துல மாசி மாசம் ஒரு கூத்துப் போடுவாங்க. அதுல சாமிய எரிச்சுடுவாங்க, மூணாம் நாள் எழுப்புவாங்க. எழுப்புற வரைக்கும் கூத்து முடிஞ்சதா எங்க ஆளுங்க ஒத்துக்கவே மாட்டாங்க. நான் கதைய இழுக்கிறதப் பாத்துட்டு ஒரு அக்கா, "எரிச்சது போதும்டி, எழுப்பு!"ன்னு சொல்லிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் கொழுந்துல இருந்து கைய எடுத்துட்டு என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

எழுப்பிட்டேன். பண்டிகைக்கு மொத நாள் அவன் ரயில்ல வந்து எறங்கினான், பெட்டியில அவளுக்கு ஒரு சால்வை இருந்துச்சுன்னு வாயில வந்ததச் சொன்னேன். "அப்பாடா!"ன்னாங்க எல்லாரும். அவ மேல இரக்கப்பட்டுத்தான் மாத்தினேன்னு ரொம்ப நாள் என்னையே ஏமாத்திக்கிட்டேன். அந்த "அப்பாடா"வுக்குத்தான் ஆசைப்பட்டிருக்கேன்.

அந்த வருசம் தீபாவளிக்கு மொத நாள் காலையில அவ புதுச் சேலை கட்டிக்கிட்டு தெமோதரை ஸ்டேசனுக்குப் போனா. அடுத்த வருசமும் போனா, அப்புறம் ஒவ்வொரு வருசமும்.

எனக்கு வேலை கெடச்சு பதுளைக்கு வந்துட்டேன். நாலஞ்சு வருசம் கழிச்சு தோட்டத்து பேக்டரியில வேலை செஞ்ச ஒருத்தர் அவளக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு. பொண்டாட்டி செத்துப்போனவர், தங்கமான மனுசன். அவ பஸ் ஏறி என்கிட்டத்தான் வந்தா. "நீ படிச்சவ, நீ சொல்லு. கதையில வந்தான்ல, என் வீட்டுக்காரரும் வந்துட்டா என்னடி பண்றது?"ன்னா. அப்பவாவது வாயத் தொறந்தேனா, பாவி! பொய் சொன்னத ஒத்துக்க வெக்கம். "உன் மனசு சொல்றதச் செய்யி"ன்னு பெரிய ஞானி மாதிரி சொல்லி டீ போட்டுக் குடுத்து அனுப்பினேன். அவ முடியாதுன்னுட்டா. அவர் வேற எடத்துல கட்டிக்கிட்டாரு.

போன வருசம் அந்த நாவல் திரும்பக் கையில மாட்டுச்சு. கடைசிப் பக்கம் வந்ததும் மேல படிக்க முடியல. தீபாவளிக்கு மொத நாள் புத்தகத்தப் பையில வச்சுக்கிட்டு தெமோதரைக்குப் போனேன். அவ பெஞ்சில ஒக்காந்திருந்தா. தல பாதி நரைச்சிருச்சு, கட்டியிருந்தது புதுச் சேலை.

"அன்னைக்கு மலையில நான் சொன்ன முடிவு பொய்டி"ன்னு சொல்லி, உள்ளதப் படிச்சுக் காட்டினேன்.

"அப்ப அவன் வரவே இல்லையா?"

"வரல."

"அவ நல்லா இருந்தாளா?"

"நல்லாத்தான் இருந்தா."

தண்டவாளத்தப் பாத்துக்கிட்டே ரொம்ப சாதாரணமாச் சொன்னா: "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த பேக்டரி மனுசருக்குச் சரின்னு சொல்லியிருப்பேன்டி."

திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். தன் பையில இருந்த முறுக்க எடுத்து, அந்தக் காலத்துல மலையில குடுக்கிற மாதிரியே பாதி ஒடச்சு என் கையில குடுத்துட்டு எந்திரிச்சா. "ரயில் இன்னும் வரலையே"ன்னேன். "நீ இருந்து பாரு"ன்னுட்டு தோட்டத்துப் பாதையில ஏறிப் போயிட்டா.

அதுக்கப்புறம் நான் போன் பண்ணினா, "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டு வச்சிடுவா. கோவம் இருந்த மாதிரியும் தெரியல. போகப்போக அந்தப் பேச்சும் கொறஞ்சு நின்னு போச்சு.

இந்த வருசமும் தீபாவளிக்கு மொத நாள் தெமோதரைக்குப் போனேன். பெஞ்சில அவ இல்ல. ரயில் வந்துச்சு. கொழும்புல இருந்து வந்த பையன்க பெரிய பெரிய பேக்கோட குதிச்சு எறங்கினாங்க. வீட்டு ஆளுங்க ஓடிப்போயிக் கையப் புடிச்சாங்க. கொஞ்ச நேரத்துல ஸ்டேசன் காலியாயிடுச்சு. அவ வீடு அங்க இருந்து அர மணி நேர நடைதான். போயிக் கதவத் தட்ட எனக்குத் தைரியம் வரல. வராம இருக்கப் பழகினவங்க திரும்ப வரமாட்டாங்கன்னு அந்தப் புத்தகத்துல படிச்சது எனக்கு மனப்பாடம். இருந்தும், ரெண்டு முறுக்க மடியில வச்சுக்கிட்டு, தண்டவாளத்துக்கு முதுகக் காட்டி, தோட்டத்துப் பாதையப் பாத்துக்கிட்டு மத்தியானம் வரைக்கும் அந்தப் பெஞ்சிலயே ஒக்காந்திருந்தேன்.