ராமிஸ்கோ குழியில் ஒரு கூடை

எங்கள் கடலோர ஊரான கொலாரெஸில் திராட்சை நடுவது கிட்டத்தட்டக் கிணறு வெட்டுகிற வேலை. மேலே முழுக்கக் கடல் மணல். கொடி வேர் பிடிக்க வேண்டிய களிமண் அடியில், இரண்டு மூன்று ஆள் ஆழத்தில் கிடக்கிறது. அதுவரை தோண்டி, கொடியிலிருந்து வெட்டிய குச்சியைக் களிமண்ணில் ஊன்றி, கொடி வளர வளரக் குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரவேண்டும். ராமிஸ்கோ என்கிற எங்கள் கருந்திராட்சைக்கு வேறு மண் சரிப்படாது. அது எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ ஒரு ராஜா பிரான்சிலிருந்து கொண்டுவந்தார் என்று சிலர் சொல்வார்கள். இந்த மணலிலேயே பிறந்தது என்று நாங்கள் சொல்வோம், அதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வேரை உறிஞ்சும் பூச்சி நாடு முழுக்கத் தோட்டங்களைத் தின்று தீர்த்தபோது, எங்கள் மணலுக்குள் மட்டும் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. பிறகென்ன, ஆளாளுக்கு இங்கே தோட்டம் போடக் கிளம்பினார்கள். குழி தோண்ட ஆள் கிடைக்கவில்லை. அப்படித்தான் பிர்மீனோ மலைநாட்டிலிருந்து வந்து சேர்ந்தான். நல்ல உழைப்பாளி. பிடிவாதத்திலும் ஒரு குறைச்சலுமில்லை.

வந்த சில மாதங்களிலேயே கூடை முடைகிற எர்மெலிண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுடைய அப்பா கடலோரத்தில் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். அவள் ஒரு கூடை கொடுத்தாள். குழிக்குள் இறங்குகிறவன் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொள்வது இங்கே வழக்கம். மணல் சரிந்து மூடினால், மேலே இருப்பவர்கள் தோண்டி எடுக்கும்வரை கூடைக்குள் நிற்கும் காற்றுதான் உயிர்.

"நான் என்ன கோழிக்குஞ்சா, கவுத்து வெக்கிறதுக்கு?" என்றான் பிர்மீனோ. "எங்க ஊர்ல பாறையையே பொளந்தவன் நான்."

"பாறை சொல்லிட்டு விழும். மணல் சொல்லாது. பேசாம மாட்டிக்கோ," என்றாள் அவள்.

சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். குழிக்குள் இறங்கியதும் கூடையை ஓரமாக வைத்துவிட்டான். மேலே நின்று மணல் இழுக்கும் கஸ்பாரோடு ஓர் ஏற்பாடும் செய்துகொண்டான். அவள் சாப்பாட்டோடு வருவது தெரிந்தால் கஸ்பார் இருமுவான், உடனே கூடை தலைக்கு ஏறிவிடும். அவளும் எட்டிப் பார்த்துத் திருப்தியாகப் போய்விடுவாள். ஊரையே ஏய்த்துவிட்டதாக அவனுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஆனால் எர்மெலிண்டா நேரங்காலம் பார்த்து வருகிற பெண்ணாக இல்லை. காலையில் கஞ்சிக் கலயம், கொஞ்ச நேரத்தில் தண்ணீர்க் குடம், சாப்பாட்டுக்குப் பிறகு மறந்துபோன உப்பு. மற்ற ஆட்கள் சும்மா இருப்பார்களா?

"மாப்ள, உன் பொண்டாட்டிக்கு வீடு கசக்குதா, இல்ல நீ அவ்ளோ இனிக்கிறியா?" என்று கஸ்பார் கேட்டான்.

"அவளுக்கு மறதி ஜாஸ்திடா," என்று பிர்மீனோ நெளிந்தான்.

அவர்களுடைய சொந்த நிலத்தில் குழி வெட்டிய குளிர்காலம் அது. மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்து, ஈர மணல் காய ஆரம்பித்திருந்தது. சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போனவள், அவன் மறுபடி குழிக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கஸ்பார் இருமினான். பிர்மீனோ முணுமுணுத்துக்கொண்டே கூடையை மாட்டினான்.

"வெங்காயம் வெக்க மறந்துட்டேன்," என்று மேலிருந்து அவள் குரல் கேட்டது.

"மீன் தின்னு முடிச்சாச்சு. இப்ப வெங்காயத்த வெச்சு என்ன பண்..."

அவன் முடிக்கவில்லை. ஒரு பக்கச் சுவர் சத்தமே இல்லாமல் வழிந்து வந்து மூடியது. மண்வெட்டி வேண்டாம், கையால் தோண்டுங்கள் என்று கத்திக்கொண்டே எர்மெலிண்டாதான் முதலில் குதித்தாள். கூடையின் அடிப்பாகம் தென்பட்டதும் அதைப் பிய்த்தாள். உள்ளே நீலம் பாரித்த முகம் ஒன்று வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

அந்தக் குழியிலேயே கொடி நட்டார்கள். தரையோடு படர்ந்த கொடியைக் கடற்காற்று அடிக்காமல் நாணல் தட்டி கட்டிக் காத்தார்கள். கோடையில் பழக்குலைகள் சுடுமணலில் வெந்துவிடாதபடி ஒவ்வொரு கொடிக்கும் குட்டிக் குச்சி முட்டுக்கொடுத்தார்கள். காய்க்கச் சில வருஷம் ஆயிற்று. ராமிஸ்கோ ஒயின், பிழிந்த சூட்டில் வாயில் வைக்க முடியாத துவர்ப்பு. பீப்பாயில் அது அடங்கப் பல வருஷம் பிடித்தது. அத்தனை வருஷமும் பிர்மீனோ கூடை இல்லாமல் குழிக்குள் இறங்கவில்லை. வருஷம் தவறாமல் மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றினான்.

மகள் கல்யாணத்தன்று அந்தப் பீப்பாயைத் திறந்தார்கள். முதல் குவளையை மாதாவுக்கென்று தூக்கிப் பிடித்தபோது அவனுக்குக் கண் கலங்கியது.

"நன்றி தாயே. அன்னிக்கு மட்டும் இவ வெங்காயத்த மறக்கலேன்னா, இந்தக் கல்யாணத்தப் பாக்க நான் இருந்திருக்க மாட்டேன்."

"யாரு மறந்தா?" என்றாள் எர்மெலிண்டா, ரொட்டியை அறுத்துக்கொண்டே.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எல்லா வீட்லயும் கூடைய வேர்வை நாத்தம் போகத் தேய்ச்சுக் கழுவுவாளுங்க. உன் கூடை புதுப் பிரம்பு வாசன மாறவே இல்ல. உன் காது நெறைய மணல். சண்ட போட்டா நீ கேக்குற ஆளா? நான் வந்தா கஸ்பார் இருமுவான், நீ கூடைய மாட்டுவேன்னு தெரியும். அதான் வந்துக்கிட்டே இருந்தேன்."

கஸ்பார் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தான். வெயிலிலும் மழையிலும் உப்பையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு அந்த மணலில் அவள் நடந்த நடையெல்லாம் பிர்மீனோவின் மனதில் ஓடியது. பிறகு மாதாவுக்கு எடுத்த குவளையை அவள் முன்னால் வைத்தான்.

"மாதா கோவிச்சுக்க மாட்டா," என்றான். "மொதல்ல நீ குடி."