துருவி டீச்சரும் அழிந்துபோன வரிகளும்

அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் துருவி. மின்விசிறியைச் சரிசெய்ய வந்தவரைக் கேள்வி கேட்டே அரை மணி நேரம் ஏணியில் நிற்க வைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்குப் பார்சல் வந்தால், உள்ளே என்னவென்று தெரியாமல் உனக்குச் சோறு இறங்காதே என்று கணவர் சீண்டுவார். இறங்காதுதான்.

அந்தக் குணத்தோடுதான் ஏழாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கினார். வாரம் ஒருமுறை கணினி அறையில், கண்ணால் கண்ட ஏதோ ஒன்றைப் பற்றிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும். எழுதி முடித்தது வலைப்பூவில் ஏறும். டீச்சர் தன் மடிக்கணினியில் முப்பது பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல வரி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு மஞ்சள் கட்டம் திறந்து கேள்வி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார். யாரிடம் எதைக் கேட்டோம் என்பது அவருக்கே நினைவிருக்காது.

பத்து வாரம் போனது. கடைசி வரிசைப் பெண்ணின் பக்கம் மட்டும் ஒவ்வொரு வாரமும் வெறுமையாகவே இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவள் எழுதிய ஒரு பக்கத்தையாவது காட்டாவிட்டால் அவளை மெதுவாகப் படிப்போர் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அங்கே கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு சரி, கணினி அறையே கிடையாது.

நாற்பது நிமிடம் கணினி முன்னால் உட்கார்ந்து இவள் என்னதான் செய்கிறாள்? வியாழக்கிழமை இடைவேளையில் டீச்சர் அவளுடைய பக்கத்தின், கணினி தானாகச் சேமித்து வைத்திருந்த பழைய பதிப்புகளைத் திறந்தார். வரிகள் மளமளவென்று வந்தன. பேருந்துக் கண்ணாடியில் தயங்கி நிற்கும் மழைத்துளி இன்னொரு துளியோடு சேர்ந்ததும் ஏன் ஓட்டம் பிடிக்கிறது என்று ஒரு வாரம். இஸ்திரிப் பெட்டி சூடானதும் ஈரத்துணி ஏன் முனகுகிறது என்று இன்னொரு வாரம். டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவருடைய மஞ்சள் கட்டம் இருந்தது. அதற்கடுத்த பதிப்பில் வரியும் இல்லை, கட்டமும் இல்லை.

அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் அழித்தாய் என்று கேட்டார்.

"நீங்க கட்டம் போட்டா தப்புன்னுதானே டீச்சர் அர்த்தம்? மத்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும். எனக்கு மட்டும் வரிக்கு வரி போட்டீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். யாருடையது என்று கவனிக்காமலே வகுப்பில் அவர் மிகவும் ரசித்த எழுத்து அவளுடையது. அதனால்தான் அவள் வரிகளில் அத்தனை கட்டங்கள். டீச்சருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. உன் எழுத்தைப் படிக்கப் படிக்க ஆசை அடங்கவில்லையம்மா, அதனால்தான் கேட்டேன் என்றார். மழைத்துளியைத் தலைமையாசிரியரிடம் காட்டட்டுமா என்றும் கேட்டார்.

அவள் யோசித்தாள். "காட்டுங்க. ஆனா இனிமே நான் எழுதி முடிக்கிற வரைக்கும் என் பக்கத்துக்குள்ள வராதீங்க டீச்சர்."

தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். பெண் அதே வகுப்பிலேயே இருந்தாள். அடுத்த வாரம் கணினி அறையில் அவள் விடாமல் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. துருவி டீச்சர் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அதன்மேல் அழுத்தியபடி, நாற்பது நிமிடமும் அவள் என்ன எழுதுகிறாள் என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தார்.